18 மாதத்தில் ஒரு பாலைவனம்: ஃபால்அவுட் நியூ வேகஸ்

கட்டம்போட்ட கோட்டு அணிந்த ஒருவன் நம் கையைக் கட்டி மண்டிபோட வைத்து, ஏதோ வருத்தம் தெரிவிக்கிறவன் மாதிரி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தலையில் சுடுகிறான். குழி ஏற்கெனவே வெட்டித் தயாராக இருக்கிறது. நாம் ஒரு கூரியர்காரர். கொண்டுபோன பொட்டலத்தில் இருந்தது பிளாட்டினத்தில் செய்த ஒரு சூதாட்ட வில்லை. அதை எடுத்துக்கொண்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ரோபோ தோண்டியெடுத்து, ஊர் வைத்தியர் டாக் மிச்சல் வீட்டில் சேர்க்கிறது. கண் விழித்ததும் வைத்தியர் கேட்கும் முதல் விஷயங்களில் ஒன்று நம் பெயர். முகத்தைச் சரியாகத் தைத்திருக்கிறேனா பாருங்கள் என்று கண்ணாடியை நீட்டுகிறார். பெயரும் முகமும் நாம் வைப்பதுதான்.

ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற வீடியோ கேம் இப்படித் தொடங்குகிறது. 2010 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியது கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆப்சிடியன் நிறுவனம், வெளியிட்டது பெதஸ்டா, இயக்குநர் ஜாஷ் சாயர். கதை நடப்பது 2281இல். அணுகுண்டுப் போர் 2077இலேயே முடிந்துவிட்டது. அமெரிக்காவின் பெரும்பகுதி சாம்பலாகிக் கிடக்க, வேகஸ் மட்டும் பெரிய சேதாரமில்லாமல் தப்பி, ராத்திரியெல்லாம் விளக்கெரித்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஊருக்காகவும், விளக்கு எரிய மின்சாரம் தரும் ஹூவர் அணைக்காகவும் அடிதடி.

இதை விளையாடியவர்களிடம் பேசினால் இரண்டு கட்சிதான். கதைக்கு ஈடு இணையே இல்லை என்று ஒரு கட்சி. ஓட்டை உடைசல், தொட்டால் நின்றுபோகும் என்று இன்னொரு கட்சி. நான் மூன்று முறை முடித்துவிட்டு, நான்காவதைப் பாதியில் விட்டவன். இரண்டு கட்சி சொல்வதும் சரி என்பேன். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று. அந்த வேரைத் தோண்டிப் பார்த்தால், பலரும் பெரிதாகப் பேசும் குறை சின்னதாகவும், அதிகம் பேசப்படாத ஒரு குறை பெரிதாகவும் தெரிகிறது.

வாடகை வீடு

ஃபால்அவுட் வரிசை 1997இல் இன்டர்ப்ளே நிறுவனத்தில் பிறந்தது. இரண்டாம் பாகம் 1998இல் வந்தது. அங்கேயே பிளாக் ஐல் என்ற பிரிவு 'வான் பியூரன்' என்ற புனைபெயரில் மூன்றாம் பாகத்தைச் செய்துகொண்டிருந்தது. 2003இல் அது கைவிடப்பட்டது, பிரிவும் மூடப்பட்டது. பிளாக் ஐலிலிருந்து வெளியேறியவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் ஆப்சிடியன். ஃபால்அவுட் உரிமையை 2007இல் பெதஸ்டா 57.5 லட்சம் டாலருக்கு வாங்கி, 2008இல் தன் பாணியில் மூன்றாம் பாகத்தை வெளியிட்டது. மேலிருந்து பார்த்து முறைவைத்து ஆடும் பழைய ஆட்டம், துப்பாக்கியைக் கண்ணெதிரே பிடித்து நடக்கும் திறந்த உலக ஆட்டமாக மாறியது.

அடுத்த பாகத்தை ஆப்சிடியனிடம் ஒப்படைத்தபோது நடந்தது விசித்திரமானது. வீட்டைக் கட்டியவர்களே அந்த வீட்டுக்கு வாடகைக்குக் குடிவந்தார்கள். ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை மென்பொருளான என்ஜின், பெதஸ்டாவின் மூன்றாம் பாகத்துக்குப் பயன்பட்ட அதே கேம்பிரியோ. துப்பாக்கிகள், மிருகங்கள், இடிந்த சுவர்கள், குப்பைத்தொட்டிகள் என்று பாதிச் சாமான் அங்கிருந்தே வந்தது. கிடைத்த நேரம் சுமார் 18 மாதம். இந்த அளவில் ஓர் ஆட்டத்துக்கு அது மிகக் குறைவு.

வாடகை வீட்டில் சுவரை இடிக்க முடியாது, சாமானை மட்டும் நம் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கலாம். ஆப்சிடியன் செய்தது அதுதான். என்ஜினைச் சரிபார்க்க நேரமும் இல்லை, அது அவர்களுடையதும் இல்லை. எழுத்தில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள்: வசனம், கணக்கு, யார் யாருக்குப் பகை, எந்த ஊரில் என்ன செய்தால் எந்த ஊரில் என்ன ஆகும். ஆட்டத்தின் பலம் அத்தனையும் அங்கே குவிந்ததும், உடம்பு நோயாளியாகவே நின்றதும் இதனால்தான்.

25 என்ற எண்

முதல் ஊரிலேயே இதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். குட்ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊர். நெவாடாவில் உண்மையிலேயே இருக்கும் ஊர்தான், ஆட்டத்தில் வரும் மதுக்கடையும் அங்கே இருக்கும் பழைய கடையைப் பார்த்துச் செய்தது. சிறையுடைத்துக்கொண்டு வந்த பவுடர் கேங்கர்ஸ் என்ற கும்பல் ஊரை மிரட்டுகிறது. ரயில் பாதை வேலைக்குப் பாறை உடைக்கக் கொடுத்த வெடிமருந்தை வைத்தே தப்பித்த கைதிகள் அவர்கள். ஊரோடு சேர்ந்து எதிர்க்கலாம், அல்லது கும்பலோடு சேர்ந்து ஊரைக் காலி பண்ணலாம்.

எதிர்ப்பது என்று முடிவானால், ஊரார் ஒவ்வொருவரிடமும் உதவி கேட்கலாம். கிழவர் ஈஸி பீட்டிடம் டைனமைட் இருக்கிறது. தர மாட்டார், கைகால் போய்விடும் என்பார். நமக்கு வெடிமருந்துத் திறன் நூற்றுக்கு 25 இருந்தால் விஷயம் தெரிந்த ஆள் மாதிரி பேசி வாங்கிவிடலாம். கடைக்காரர் செட்டிடம் கவச உடைகள் வாங்க பேரம் 25. மதுக்கடை ட்ரூடி ஊராட்களைத் திரட்ட பேச்சுத்திறன் 25. வைத்தியரிடம் மருந்து வாங்க மருத்துவம் 25. ஆட்டம் தொடங்கிய அரை மணி நேரத்தில் எல்லாமே 25 பெரும்பாலோருக்கு இருக்காது. சிலதை வாங்கினால் சிலதை விட வேண்டும். நீ யார் என்பதை ஆட்டம் இந்த இடத்தில் கேட்டுவிடுகிறது.

2008இன் மூன்றாம் பாகத்தில் பேச்சு என்பது சதவீதக் கணக்கு. 40 சதவீதம் வாய்ப்பு என்று காட்டும், தோற்றால் முன்பு சேமித்துவைத்த இடத்தை (சேவ்) திறந்து மறுபடி கேட்கலாம், மூன்றாவது தடவை எதிராளி தலையாட்டிவிடுவார். லாட்டரிச் சீட்டுச் சுரண்டுவது மாதிரி. நியூ வேகஸில் எண் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. இல்லாதபோதும் அந்த வரியைச் சொல்லிப் பார்க்கலாம் என்பதுதான் வேடிக்கை. திறன் போதாதவன் பேசும் வசனத்தைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரியாத ஆள் தெரிந்த மாதிரி பேசி அசடு வழிகிற வரிகள். வெற்றிக்கு ஒரு வரி, தோல்விக்கு ஒரு வரி என்று ஆயிரக்கணக்கில் எழுத ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். புது என்ஜின் வேண்டாம்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. எண் கண்ணெதிரே தெரிவதால், பேச்சுத்திறனை 100 ஆக்கிவிட்டவனுக்கு ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது. கடைசிப் போரில் லானியஸ் என்ற மலைபோன்ற தளபதியைக்கூட நான்கைந்து வரி பேசித் திருப்பி அனுப்பிவிடலாம். அந்த வரிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன, படைக்குச் சோறு கொண்டுவரும் தூரத்தைப் பற்றிய வாதம் அது. ஆனால் எந்த வரியைத் தொட வேண்டும் என்று பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் திறன் பெயர் போட்டிருந்தால், யோசிக்க என்ன மிச்சம்?

பாதை ஒரு வாத்தியார்

குட்ஸ்பிரிங்ஸிலிருந்து வடக்கே பார்த்தால் வேகஸின் வெளிச்சம் தெரியும். நேராக நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், ஊர்க்காரர்கள் எச்சரிப்பார்கள், அவ்வளவுதான். முதல் தடவை நான் கேட்கவில்லை. கல்குவாரிப் பக்கம் போனபோது டெத்கிளா என்ற ஆளுயரத்துக்கு மேற்பட்ட கொம்பு மிருகம் ஒன்று பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. துப்பாக்கியை எடுக்கவே நேரமில்லை. இன்னொரு பக்கமாகச் சுற்றிப் போனால் கசாடோர், ராட்சதக் குளவிகள். கொட்டினால் விஷம் ஏறும்.

ஆக, தெற்கே இறங்க வேண்டியதுதான். பிரிம், மொஹாவி காவல்சாவடி, நிப்டன், நோவாக், போல்டர் சிட்டி என்று ஒரு பெரிய வளையம் போட்டு வேகஸுக்கு வர வேண்டும். இந்த வளையத்தில்தான் ஆட்டம் நமக்கு அரசியல் சொல்லித்தருகிறது. பிரிமில் சட்டம் ஒழுங்கு இல்லை, ஷெரிஃப் யார் என்று நாம் முடிவு செய்கிறோம். காவல்சாவடியில் என்.சி.ஆர். என்ற கலிஃபோர்னியக் குடியரசு வருகிறது: ஜனநாயகம், வரி, ஆள்பற்றாக்குறை, கோப்பு நகராத அலுவலகம். அடுத்து நிப்டன்.

நிப்டனுக்குள் நுழையும்போது ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறான். லாட்டரியில் ஜெயித்துவிட்டதாகக் கத்துகிறான். பைத்தியம் என்று நினைத்துக் கடந்து போனால் தெருவின் இரண்டு பக்கமும் சிலுவையில் அறையப்பட்ட ஆட்கள். சீசர் என்பவனின் லீஜியன் என்ற படை வந்து போயிருக்கிறது. ஊரிலிருந்த எல்லோருக்கும் சீட்டுக் கொடுத்துக் குலுக்கியிருக்கிறார்கள். சிலருக்குச் சிலுவை, சிலருக்குத் தீ, சிலருக்கு அடிமைச் சங்கிலி. முதல் பரிசு உயிரோடு விடுதலை, அதுதான் ஓடிவந்தவன். இரண்டாம் பரிசுக்காரன் கடைக்குள் கிடக்கிறான். கால் இரண்டையும் உடைத்துவிட்டு உயிரோடு விட்டிருக்கிறார்கள். அவனும் நல்லவன் இல்லை, பவுடர் கேங்கர். மருந்து கொடுப்பதா, போவதா? இதைச் செய்த வல்பஸ் இன்குல்ட்டா நாய்த்தோல் தலைக்கவசத்தோடு நம்மிடம் அமைதியாக விளக்கம் சொல்கிறான். இந்த ஊர் காசுக்காக யாருக்கும் விலைபோகும் ஊர், அதனால்தான் என்கிறான். அவன் சொல்வதில் ஒரு சொட்டு உண்மை இருப்பதுதான் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்த ஊர் நோவாக். பழைய விடுதியின் பலகையில் 'நோ வேகன்சி' என்பதில் எழுத்துகள் உதிர்ந்துபோய் ஊருக்கே அந்தப் பெயர். அங்கே டைனோசர் பொம்மையின் வாய்க்குள் உட்கார்ந்து ராத்திரிக் காவல் பார்க்கிறான் பூன். அவன் மனைவி கார்லாவை யாரோ லீஜியனுக்கு விற்றுவிட்டார்கள். யார் என்று கண்டுபிடித்து, அந்த ஆளை ராத்திரியில் டைனோசருக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தி, பூன் கொடுத்த சிவப்புத் தொப்பியை நாம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

விடுதி வரவேற்பறையில் மேசைக்குப் பின்னால் தரையில் பதித்த பெட்டகம் ஒன்று. உள்ளே ஒரு ரசீது. கார்லாவுக்கு 1,000 பாட்டில் மூடி, அந்த உலகத்தில் அதுதான் காசு. அவள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இன்னும் 500, பிறந்த பிறகு கொடுக்கப்படும். பக்கா வணிக மொழியில் எழுதிய விற்பனைப் பத்திரம் அது. விற்றவர் ஜீனி மே, வந்தவரையெல்லாம் அன்பாக வரவேற்று அறைச் சாவி கொடுக்கும் விடுதிக்காரம்மா. அவரைக் கூப்பிட்டால், பாவம், சந்தேகமே இல்லாமல் கூடவே நடந்து வருகிறார். தொப்பி போடும் பொத்தானை அழுத்த எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இந்தக் காட்சியில் அனிமேஷன் மரக்கட்டை. முகம் அசையவில்லை. அம்மாவின் நடைகூட ஏதோ சறுக்குவது மாதிரி இருக்கிறது. எதுவும் பொருட்டாகப் படவில்லை. ரசீதில் அந்த 500 போதும்.

இதே தரத்தில் இன்னொன்று வால்ட் 11. போருக்குப் பயந்து பூமிக்கடியில் ஒளிந்த கூட்டத்துக்கு ஓர் உத்தரவு: ஆண்டுக்கு ஒருவரைப் பலி கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் சாவீர்கள். அவர்கள் அதைத் தேர்தல் வைத்து முடிவு செய்தார்கள். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்தான் அடுத்த பலி. காலியான அந்தச் சுரங்கத்தில் நாம் நடக்கும்போது சுவரொட்டிகள் மட்டும் மிச்சம். இவன் ஒழுக்கங்கெட்டவன், கம்யூனிஸ்டுகளின் ஆள், ஆகவே இவனுக்கே வாக்களியுங்கள் என்கிற ரீதியில். முதலில் சிரிப்பு வருகிறது. ஏன் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கணினிக் குறிப்புகளைப் படித்துப் புரியும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. பலி கொடுக்க மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் கடைசி அறையில் தெரியவருகிறது. அதை இங்கே உடைக்க மாட்டேன்.

84

வெளியான முதல் நாளே இணையத்தில் சுற்றிய வீடியோவில் டாக் மிச்சலின் தலை கழுத்தின் மேல் பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஆட்டத்தின் முதல் மனிதர், முதல் காட்சி. ஆட்டம் உறைந்து நிற்பது, சேவ் கோப்பு கெட்டுப்போவது, குவெஸ்ட் என்ற பணிகள் பாதியில் முறிவது எல்லாம் பரவலாகப் பதிவாயின. பிளேஸ்டேஷன் 3இல் விளையாட விளையாட சேவ் கோப்பு பெருத்து, ஆட்டம் திணறியது. பிழைதிருத்தும் பேட்ச்சுகள் வேகமாக வந்தன, ஆனால் விமர்சனம் எழுதுகிறவர்கள் பேட்ச்சுக்குக் காத்திருக்க மாட்டார்களே.

விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி 84 என்று நின்றது. ஆப்சிடியனின் கிறிஸ் அவலோன் 2012இல் ட்விட்டரில் போட்டு உடைத்தார்: தங்களுக்கு ராயல்டி கிடையாது, 85ஐத் தொட்டிருந்தால் மட்டும் போனஸ் என்று ஒப்பந்தம். கடைகளுக்கு 50 லட்சம் பிரதிகள் அனுப்பியதாக வெளியீட்டாளரே அறிவித்த ஆட்டம் அது. அந்த ஒரு மதிப்பெண்ணை இன்றைக்கும் ரசிகர்கள் ஏதோ தங்கள் வீட்டுப் பிள்ளையின் பரீட்சைபோலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு அங்கலாய்ப்பு இல்லை. அன்றைக்குக் கடையில் காசு கொடுத்து வாங்கியவருக்கு அது 84 ஆட்டம்தான், சிலருக்கு அதற்கும் கீழே.

உலகத்தின் கட்டமைப்பிலும் குறை உண்டு. மலை ஏறினால் கண்ணுக்குத் தெரியாத சுவர் இடிக்கும். திறந்த உலகம் என்று சொல்லிவிட்டு இது என்ன என்று கேட்கத் தோன்றும். பாலைவனம் பல இடங்களில் உண்மையிலேயே வெறுமை. பாலைவனம் அப்படித்தானே இருக்கும் என்று வக்காலத்து வாங்கலாம், ஆனால் பத்து நிமிடம் ஒன்றுமில்லாமல் நடந்த கால் ஒத்துக்கொள்ளாது. ரேடியோவில் பாட்டுகள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவு, இரண்டாம் நாளே மனப்பாடம். கர்மா என்ற பழைய பாவ புண்ணியக் கணக்கு பழைய ஆட்டங்களின் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டங்களிடம் நல்ல பெயரையும் கெட்ட பெயரையும் தனித்தனியாக எண்ணும் அருமையான புது முறை வந்த பிறகு, அதற்கு ஒரு வேலையும் இல்லை.

எல்லாவற்றையும்விட ஏமாற்றம் வேகஸ் வீதி. பதினைந்து மணி நேரம் தூரத்து வெளிச்சமாகப் பார்த்து ஏங்கிய இடம். வாசலில் ரோபோ, கையில் 2,000 மூடி இருந்தால்தான் உள்ளே விடும். பணம் சேர்த்துக் காட்டி நுழைந்தால், கன்சோல்களின் நினைவகத்துக்காக மூன்று துண்டாக வெட்டப்பட்ட ஒரு சின்னத் தெரு. துண்டுக்கு துண்டு இரும்புக் கதவு, கதவுக்குக் கதவு காத்திருப்புத் திரை. நடமாட்டம் ஒரு டஜன் பேர். கடைசி பஸ் போன பிறகு பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தது.

இந்தக் குறைகளில் பாதிக்கு மேல் ரசிகர்களே தீர்த்துவிட்டார்கள். 32 பிட் நிரல் என்பதால் கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 2 ஜி.பி.க்கு மேல் தொடாது. அதை 4 ஜி.பி. ஆக்கும் சின்ன பேட்ச் ஒன்று போட்டாலே ஆட்டம் நிற்பது வெகுவாகக் குறையும். ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடையில் விற்கும் பதிப்பில் அது முன்பே சேர்க்கப்பட்டிருக்கிறது. வீதியின் கதவுகளை எடுத்துவிட்டு ஒரே தெருவாக்கும் மோடும் (ஆட்டத்தை மாற்றும் சேர்ப்பு நிரல்) உண்டு. இயக்குநர் சாயரே எடை, உடல்நலக் கணக்குகளைத் தன் விருப்பப்படி திருத்தி ஒரு மோட் வெளியிட்டார். இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு மாலை நேரத்தைச் செலவழித்து இவற்றைப் போட்டுவிட்டால், டாக் மிச்சலின் தலை இருந்த இடத்தில் இருக்கும்.

பிறகு வந்த நான்கு கூடுதல் கதைகளில் 'டெட் மணி' ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேராசையை விடச் சொல்லும் கதை. கடைசியில் பெட்டக அறையில் 37 தங்கக் கட்டிகள், ஒவ்வொன்றும் 35 எடை. நான்கைந்து எடுத்தாலே ஓட முடியாது, நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. விட்டுவிட்டுப் போ என்று வாயால் சொல்லாமல் தோளில் எடையை ஏற்றிச் சொல்கிறார்கள். நான் மூன்றை எடுத்தேன். பிடிக்காதவர்களும் நிறைய. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றால் கழுத்தில் மாட்டிய பட்டை வெடிக்கும் அந்தப் புதிர்கள் உயிரை வாங்குவது நிஜம்.

ஆற்றுக்குக் கிழக்கே

மோட் போட்டாலும் தீராத குறைக்கு வருகிறேன். கதை நம் முன் நான்கு வழிகளை வைக்கிறது: என்.சி.ஆர்., வேகஸின் முதலாளி மிஸ்டர் ஹவுஸ், சீசரின் லீஜியன், அல்லது யாரும் வேண்டாம், நானே. முதல் இரண்டுக்கும் நாம் சாட்சி பார்த்திருக்கிறோம். குடியரசின் விவசாயிகளைப் பார்க்கிறோம், அவர்கள் வரியையும் தண்ணீரையும் பற்றிப் புலம்புவதைக் கேட்கிறோம். ஹவுஸின் தெருவையும் அதன் மதிலுக்கு வெளியே பசியோடு கிடக்கும் ஃப்ரீசைடு பகுதியையும் பார்க்கிறோம். யாரை ஆதரித்தாலும் எதற்காக, எதை மன்னித்து ஆதரிக்கிறோம் என்று தெரியும்.

லீஜியனுக்கு அப்படி எதுவும் இல்லை. சீசரின் இயற்பெயர் எட்வர்ட் சாலோ, ரோமானிய வரலாற்றுப் புத்தகங்களைப் படித்து அதை நிஜமாக்கக் கிளம்பியவன். ஹெகலை மேற்கோள் காட்டி வாதாடுகிறான். தன் நாட்டில் கொள்ளைக்காரர்களே இல்லை, வியாபாரி தனியாக நடக்கலாம் என்பது அவன் தரப்பு. அவன் முகாமில் கடை போட்டிருக்கும் வியாபாரியும் அதையே சொல்கிறார். பெண்களை அடிமையாக்கி, ஊர் ஊராகச் சிலுவை நடுகிற ஓர் அரசுக்குக் கீழேயும் மக்கள் ஏன் அடங்கி வாழ்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. ஆட்டத்தின் மற்ற இடங்களில் இருக்கும் எழுத்துக்கு அதைத் தொடும் தெம்பு நிச்சயம் இருந்தது. ஆனால் அந்த நாட்டில் ஓர் ஊரைக்கூட நாம் பார்ப்பதில்லை. ஒரு சந்தை, ஒரு குடும்பம், ஒரு சாதாரண குடிமகன் கிடையாது. இராணுவ முகாம்கள் மட்டும். கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே லீஜியன் ஊர்கள் திட்டத்தில் இருந்து, நேரம் போதாமல் விடுபட்டதை சாயர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சுழலும் தலையை நான் மன்னிப்பேன், அது உடம்பின் நோய். இது வாதத்தின் நோய். நான்கு பேர் வழக்காடும் மன்றத்தில் ஒருவரின் சாட்சிகளை மட்டும் கூப்பிடாமல் தீர்ப்பு கேட்பது மாதிரி. நிப்டனில் வல்பஸ் வைத்த வாதம் அங்கேயே தொங்கி நிற்கிறது, பதிலும் வரவில்லை, பலமும் கூடவில்லை. விளைவு, லீஜியன் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் எல்லா முடிவுகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்குக்காகப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

நான்காவது ஆட்டம் அது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு காட்டன்வுட் கோவ் படகுத்துறைக்குப் போய், படகேறி, ஆற்றைக் கடந்து குன்றின் மேல் இருக்கும் கோட்டைக்கு ஏறினேன். சீசரைப் பார்த்தேன், அவன் சொன்ன வேலையை முடித்தேன். வெளியே வந்து கிழக்குப் பக்கமாக நடந்து பார்த்தேன். வேலி, கூடாரங்கள், பயிற்சி எடுக்கும் பையன்கள், அதற்கப்பால் பாறை. வரைபடம் அங்கேயே முடிந்துவிட்டது. இறங்கிவந்து படகுக்காரரிடம் அக்கரைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, பழைய பக்கத்துக்கே திரும்பினேன். அந்த சேவ் இன்னும் அந்தத் துறையிலேயே நிற்கிறது.